தோணிக்கடியில் சாட்டின்

மனைவியின் பூனை சாட்டின் வாசற்படியில் இறங்கியதை நிஸ்தார் கண்டார். கண்டுகொண்டுதான் நின்றார். இரட்டைக் கதவின் இரு பக்கமும் விரியத் திறந்துகிடக்க, றவூப் தன் சின்ன லொறியிலிருந்து வாடகைக் கதிரைகளை ஐந்து ஐந்தாகத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துபோன நேரம். நான்கு வருடமாக மண்ணை மிதித்தறியாத அந்த வெள்ளைப் பூனை சோபாவுக்கடியிலிருந்து வெளிப்பட்டு, நிலைப்படியில் முன்கால் இரண்டையும் வைத்து, பணக்கார வீட்டுப் பெண் தேத்தண்ணிக் கடைக்குள் எட்டிப் பார்ப்பது போல உலகத்தை எட்டிப் பார்த்தது. குனிந்திருந்தால் கைக்கெட்டும். “ச்சூ” என்றிருந்தாலும் உள்ளே ஓடியிருக்கும். நிஸ்தார் குனியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, போனால் போகட்டும் என்ற ஒரு நினைப்பு நெஞ்சுக்குள் ஐஸ் தண்ணியாக இறங்குவதை அனுபவித்தபடி நின்றார்.

பூனை படியிறங்கியது. முற்றத்து மணல் காலில் சுட்டதும் ஒரு துள்ளு. கேற்றுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று உறுமிக்கொண்டு போக, அது கேற்றை ஒட்டி றோட்டில் நின்ற லொறியின் பின்சில்லுக்குள் போய்ப் பதுங்கிவிட்டது. ஐஸ் தண்ணி அந்த இடத்திலேயே சூடாகிவிட்டது நிஸ்தாருக்கு.

ஏறாவூர்க் கடைத்தெருவில் முப்பது வருடமாகத் துணி விற்கிறவர். வாங்க வந்தவளைவிட, வெயிலுக்கு ஒதுங்கியவளுக்கு இரண்டு சாரி விற்பதில் பேர்போனவர். ஆனால் இந்த ஊரில் ஆணுக்குக் கடை இருக்கும், வயல் இருக்கும், வாய் இருக்கும். வீடு மட்டும் இருக்காது. வீடு பெண்ணுக்கு வாப்பா கட்டிக்கொடுப்பது. கோபம் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியவன் புருஷன்தான். மனைவி ஸகியாவின் வீட்டிலிருந்து நிஸ்தார் அப்படி இரண்டு முறை வெளியேறியிருக்கிறார். இரண்டாம் முறை தன் தங்கச்சி வீட்டு ஹோலில் ஒன்பது நாள் படுத்தார். பத்தாம் நாள் தங்கச்சியின் மாப்பிள்ளை, தேத்தண்ணி குடிக்கிற சாட்டில், “எப்ப மச்சான் பயணம்?” என்று கேட்டான். அந்தக் கேள்வி இன்னும் காதுக்குள் இருக்கிறது.

மக்காவுக்கு உம்றாப் பயணம் போகிற அன்று வேனில் ஏறியபிறகு ஸகியா கண்ணாடியை இறக்கிச் சொன்னாள்: “நான் வரக்குள்ள சாட்டின் ஊட்டுக்குள்ள இரிக்கணும். இல்லாட்டி உங்கட தங்கச்சிட ஊட்ட போய் இரிங்க. பகிடிக்குச் சொல்லல்ல.” வேனில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஸகியா சிரிக்கவில்லை. பூனையை யாருக்காவது கொடுத்துத் தொலைப்பதற்கு நிஸ்தார் மூன்று முறை ஆள் பார்த்தது அவளுக்குத் தெரியும். மூன்றாம் ஆள் கூடையோடேயே வந்துவிட்டான். அதனால் இனிப் பூனை தானாகவே கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்து போனாலும், பிய்த்துவிட்டவர் நிஸ்தார் என்றுதான் அவள் நம்புவாள். இம்முறை நம்பினால் அது உண்மையாகவும் இருக்கும் என்பதுதான் கொடுமை. பதினைந்து நாள் முடிந்து இன்றைக்கு விடிய கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கிவிட்டாள். பின்னேரம் அஸருக்கு முன் வேன் வாசலில் நிற்கும். இப்போது பத்தரை.

றவூப் லொறிக்கடியில் குனிந்து பார்த்தான். விடியற்காலையில் வாவியில் வலை வீசுவான்; வெயில் ஏறினால் கதிரை வாடகைக்கு விடுவான்.

“முதலாளி, கைய நீட்டினா கடிக்கும் போல இரிக்கி. வீச்சுவல லொறிக்குள்ளதான் கிடக்கு. ஈரம்கூடக் காயல்ல. இந்தப் பக்கத்தால நீங்க வெருட்டுங்க, அந்தப் பக்கத்தால ஒரு வீச்சு.”

“பூனைக்கு வலயாடா?”

“கொடுவா விழுற வலைக்கு இதெல்லாம் ஒரு சாமானா?”

வேறு நேரமென்றால் நிஸ்தார் இதை வைத்தே ஒரு வாரம் கடையில் பகிடி விட்டிருப்பார். இப்போது, “வீசு” என்றார். றவூப் வலையைத் தோளில் போட்டு, பல்லால் ஒரு தலைப்பைக் கடித்து, வாவிக்குள் இடுப்பளவு தண்ணியில் நிற்கிறவன் போலத் திரும்பி விசிறினான். அழகான வீச்சு. வலை வட்டமாக விரிந்து, ஈயக் குண்டுகள் கொங்கிறீட் றோட்டில் ஒரே நேரத்தில் படபடவென்று விழுந்த சத்தத்தில் எதிர்வீட்டுக் குழந்தை அழத் தொடங்கியது. ஓடிவந்த சாட்டின் வலைக்கு ஒரு முழம் முன்னாலேயே கிறுகி, வாலை மூன்று மடங்கு பெருப்பித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கேற்றின் இடைவெளிக்குள் நுழைந்து மறைந்தது. வலைக்குள் அகப்பட்டது நிஸ்தாரின் ஒரு செருப்பு.

“தப்பிட்டு முதலாளி” என்றான் றவூப், செருப்பை எடுத்துக் கொடுத்தபடி. “ஆனா போன ஊடு பாத்தீங்களா?”

பார்த்தார். அது அஸீமாவின் வீடு.

அஸீமா ஸகியாவின் தங்கச்சி. ஒரே வாப்பா கட்டிய இரண்டு வீடு, நடுவில் ஒரு சுவர், சுவரில் அக்காவும் தங்கச்சியும் கறிச்சட்டியோடு போய்வர ஒரு கடப்பு. மூன்று வருடத்துக்கு முன் அஸீமா மேல்மாடியில் இரண்டு மிசின் போட்டு அபாயா தைத்து, போனில் லைவ் போட்டு விற்கத் தொடங்கினாள். நிஸ்தாரின் கடைக்கு வந்த பெண்கள் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, “அஸீமாட்ட இத விட நல்லம்” என்று போனார்கள். ஒருநாள் கடை நிறைய ஆட்கள் நிற்க, அவளுடைய கறுப்பு ஒரு கழுவலில் சாம்பல் ஆகும் என்று நிஸ்தார் சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் அவள் ஒரு அபாயாவை வாளித் தண்ணியில் ஊறப்போட்டு, வாளியைத் தூக்கிவந்து கடையின் நடுவில் வைத்து, தண்ணி வெள்ளையாக இருப்பதை எல்லோருக்கும் காட்டிவிட்டுப் போனாள். அடுத்த நாள் நிஸ்தார் மேசனைக் கூப்பிட்டுக் கடப்பை அடைத்தார். அன்றிலிருந்து இந்தக் கேற்றுக்குள் அவரும் கால் வைத்ததில்லை, ஸகியாவும் வைத்ததில்லை.

இன்று வைத்தார். அஸீமா முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

“ஆரு, மச்சானா? கண் தெரியாமப் பெய்த்தா? உங்கட கேற் அடுத்தது.”

“பூன உள்ள வந்திட்டு, மச்சி.”

“வந்திச்சு. கண்டன்.” நாடாவை விரலில் சுற்றினாள். “உங்கட ஊட்டால வெளிய போனதயும் கண்டன். மேல மிசினடியில இரிந்த நான். ஜன்னலால உங்கட வாசல் நல்லாத் தெரியும். அது படியில நிக்கக்குள்ள நீங்க கையப் பின்னால கட்டிட்டு நிண்டீங்க. பெருநாள் தொழுகைக்கு ஆள் பாத்திட்டு நிக்கிற மாதிரி.”

“நான் காணல்ல.”

“சரி, காணல்ல.”

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது நிஸ்தாருக்குப் பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் சமாளித்திருப்பார். முப்பது வருட வியாபாரத்தில் அவர் கற்றது ஒன்றே: ஆள் ஒரு விலை சொல்லிவிட்டால் பயமில்லை, அதிலிருந்து இறக்கலாம். வாயே திறக்காதவள்தான் ஆபத்து.

பூனை கொல்லைப்புறத்தில், வாவிக்கரைக் கண்ணா மரப் பற்றைக்கு இப்பால், கவிழ்த்துக் கிடந்த பழைய தோணிக்கடியில் புகுந்திருந்தது. குவைத்துக்குப் போகுமுன் அஸீமாவின் புருஷன் ஓட்டிய தோணி. நிஸ்தார் மண்டியிட்டு, கன்னத்தை மண்ணில் வைத்துப் பார்த்தார். இருட்டுக்குள் இரண்டு பச்சை. கையை நீட்டினார். அடுப்பில் தண்ணி தெறித்தது போல ஒரு சீறல். கையை எடுத்தபோது புறங்கையில் மூன்று சிவப்புக் கோடு.

அதன்பிறகு அவர் வியாபாரம் தொடங்கினார். முதலில் வீட்டிலிருந்து இரண்டு இறாலை அவித்து எடுத்துவந்து தோணியின் விளிம்பில் வைத்தார். அசைவில்லை. டின் மீனை உடைத்தார். எண்ணெய் வாசத்துக்கு எறும்பு வந்தது. மூன்றாவதாக, வரவேற்புச் சாப்பாட்டுக்கென்று பொரித்து மூடிவைத்திருந்த கொடுவா மீனின் நடுத்துண்டு, ஸகியாவுக்கென்று எடுத்துவைத்த துண்டு, அதுவும் வந்து மண்ணில் குந்தியது. அஸீமா வளர்க்கிற மூன்று தெருப்பூனைகள் மதிலில் வரிசையாக உட்கார்ந்து, ஏலம் எங்கே போய் முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தன. கடைசியாக அவர் தன் பெரிய வித்தையை எடுத்தார். சேலையை மடித்து ராக்கையில் வைத்துவிட்டு, இனி உனக்கும் எனக்கும் பேச்சில்லை என்று அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்புவார் பாருங்கள், அது. கடைவாசல் தாண்டுமுன் பத்துப் பேரில் எட்டுப் பேர் திரும்பி வந்துவிடுவார்கள். நிஸ்தார் எழுந்து, உடுத்திருந்த சாரத்தின் மண்ணைத் தட்டி, “வேணாட்டி போ” என்று உரக்கச் சொல்லி, தோணிக்கு முதுகைக் காட்டி ஏழு அடி நடந்தார். எட்டாவது அடியில் திரும்பினார். மதிலில் இருந்த ஒரு தெருப்பூனை இறங்கிவந்து கொடுவாத் துண்டைக் கவ்விக்கொண்டு போனது.

பின்கதவுப் படியில் இருந்து அஸீமா சிரித்தாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை, சத்தம் மட்டும் வந்தது.

“மச்சி, நீ என்ன வேணும் எண்டு சொல்லு” என்றார் நிஸ்தார். “அந்தக் கடப்ப ஒடச்சுத் தாறன். நாளைக்கே மேசன் வருவான்.”

அவள் நாடாவை விரலிலிருந்து அவிழ்த்தாள்.

“கடையில முன்பக்கத்து ராக்க ஒண்டு தாறன். உன்ட அபாயாவக் கொண்டுவந்து தொங்கப்போடு. கமிசன் வேணாம்.”

“நான் என்ன விலயாவது கேட்டனா?”

“இல்லதான்.”

“அப்ப ஏன் நீங்களே ஏத்திட்டுப் போறீங்க?”

அந்நேரம் போன் அடித்தது. ஸகியா. வீடியோ. நிஸ்தார் அதை வெட்டிவிட்டு, சாதாரண அழைப்பு எடுத்தார். “நெட் இல்ல இவடத்த. எங்க வாறீங்க?” பொலன்னறுவை தாண்டியாச்சு என்றாள். குரல் கம்மியிருந்தது, மக்காவில் தொற்றிய இருமல். சுகம் விசாரித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தாள். “சாட்டின் எங்க?”

“நித்திர கொள்ளுது.”

“இந்த நேரத்திலயா?”

“ஓம், நேத்து முழுக்க ஓடித் திரிஞ்ச. களைப்பு.”

இதைச் சொல்லும்போது அஸீமா பத்தடி தூரத்தில், படியில், கன்னத்தில் கைவைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் உரக்கச் சொன்னால் போதும், அக்காவின் காதுக்குப் போய்விடும். அவள் சொல்லவில்லை. நிஸ்தார் போனை வைத்ததும் எழுந்து வந்து தோணிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“ராத்தா உம்றாவுக்குப் போறத்துக்கு முந்தி ஊரெல்லாம் மாப்புக் கேட்டுப் போனா” என்றாள். “மீன்காரிட ஊட்ட போன. மூணு வருசமா முகம் குடுக்காத சனத்திட்டயும் போன. பயணம் போறவ ஆரிட மனசையும் நோகவச்சிட்டுப் போகக் கூடாது எண்டுதானே. வெள்ளிக்கிழம மஃரிபுத் தொழுகைக்குப் பொறகு, பக்கத்து ஊட்டில அவட குரல் கேட்டிச்சு. இஞ்ச வருவா எண்டு தேத்தண்ணி ஊத்தி வச்சன். வட்டிலப்பமும் இரிந்திச்சு. கேற்றடி லைற்றப் போட்டு வச்சன். வரல்ல.”

நிஸ்தார் புறங்கைக் காயத்தைப் பார்த்தார்.

“என்ன மன்னிச்சிட்டாவா, மறந்திட்டாவா எண்டு பதினஞ்சு நாளா யோசிக்கிறன். உங்களுக்குத் தெரியுமா, மச்சான்?”

தெரியும். அந்த வெள்ளிக்கிழமை ஸகியா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் புறப்பட்டு நின்றாள். அவ காத்தான்குடிக்குப் போயிட்டா, ஊட்டில ஆள் இல்ல என்று நிஸ்தார் சொன்னார். லைற் எரிகிறதே என்றாள். அது வேலைக்காரப் பெண் போட்டது என்றார். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதுவிட்டால் அடுத்த நாள் கடப்புத் திறக்கும். கடப்புத் திறந்தால் ஸகியாவே அந்த அபாயாவை உடுத்துக்கொண்டு ஊரெல்லாம் போவாள். அதைத்தான் அன்று கணக்குப் பார்த்தார். ஒரே ஒரு சின்னப் பொய். கடையில் ஒரு நாளைக்கு நாற்பது சொல்கிறார்; ஒன்றாவது இப்படிப் பின்னால் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“பயண அவசரம்” என்றார்.

“அப்படியா.” அஸீமா தோணியை விரலால் தட்டினாள். உள்ளேயிருந்து சீறல். “இஞ்ச பாருங்க. இது தீனுக்கு வராது. பயந்த பூனைக்குப் பசி தெரியா. பழகின வாசம் வேணும். ராத்தா உடுத்துக் கழட்டின, கழுவாத உடுப்பு ஏதும் கொண்டுவாங்க.”

நிஸ்தார் வீட்டுக்கு ஓடினார். அங்கேதான் தெரிந்தது, வரவேற்பென்று தான் செய்துவைத்திருக்கிற காரியம். வீட்டில் கிடந்த துணியெல்லாம் முந்தாநாளே லோன்றிக்குப் போய், சவர்க்கார வாசத்தோடு மடித்து வந்திருந்தது. ஸகியாவின் முக்காடு, தொழுகைத் துணி, தலையணை உறை, பூனை படுக்கிற மெத்தைகூட. தரைக்கு டெட்டோல். மூலைக்கு மூலை சாம்பிராணி. வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

“எல்லாம் கழுவிட்டு.”

“பதினஞ்சு நாளும் அது எங்க படுத்த?”

நிஸ்தார் வாவியைப் பார்த்தார். நடுவில் ஒரு தோணி அசையாமல் நின்றது.

“எங்க படுத்தெண்டு கேட்டன்.”

“என்ட காலடியில.”

முதல் இரவு காலால் தள்ளினார். திரும்பி வந்தது. இரண்டாம் இரவு அறைக்கு வெளியே போட்டுக் கதவைச் சாத்தினார். விடியச் சுபஹு வரை கதவைப் பிறாண்டியது. மூன்றாம் நாளிலிருந்து, கழற்றிப் போடுகிற சாரத்தைக் கட்டிலின் கால்மாட்டில் பந்தாகச் சுருட்டி வைத்தார். மேலே ஏறி வராமல் இருக்கட்டும் என்றுதான் வைத்தார். அதில் ஏறி, பிசைந்து பிசைந்து மெத்தையாக்கிக்கொண்டு அது தூங்கியது. போனில் ஸகியா கேட்டபோது இதை அவர் சொல்லவேயில்லை. சொன்னால் தோற்றது போல. இப்போது மச்சியிடம் எல்லாம் சொன்னார்.

“அப்ப அந்தச் சாரன் எங்க?”

“குளியலறையில தொங்குது.”

“கொண்டுவாங்க.”

ஒரு மனுஷன் மச்சியின் முன்னால் மூன்று நாள் உடுத்த அழுக்குச் சாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிற கேவலம் நிஸ்தாருக்கு அன்று வாய்த்தது. அஸீமா மூக்கைச் சுளித்தாள். மறைக்கவுமில்லை. தோணிக்கு இரண்டு முழம் தள்ளி அதை விரிக்கச் சொன்னாள். பக்கத்தில் அவரையும் உட்காரச் சொன்னாள். வெறும் மண்ணில்.

“கூப்பிடாதீங்க. கைய நீட்டாதீங்க. கண்ணப் பாக்காதீங்க. நீங்க ஆளப் பாக்கிற பார்வயே பைக்குள்ள எவ்வளவு இரிக்கி எண்டு பாக்கிற பார்வ. அங்கால பாத்திட்டு இரிங்க.”

“எவ்வளவு நேரம்?”

“அதிட விருப்பம்.”

உட்கார்ந்தார். நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லி முடிந்தது. தோணியின் நிழல் சுருங்கி, பிறகு இந்தப் பக்கம் நீளத் தொடங்கியது. முதுகு வலித்தது, எறும்பு ஏறியது, வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கியபோதெல்லாம் படியிலிருந்து அஸீமா “ம்” என்றாள். அவளும் போகவில்லை. மேலே மிசினும் ஓடவில்லை. இரண்டு மணித்தியாலம் இருவரும் ஒருவரை ஒருவர் வெறுத்தபடி இருந்தார்கள். சட்டைப் பையில் போன் நடுங்கியது. ஓட்டமாவடி. பிறகு கிரான். சித்தாண்டிக் கோயிலடி என்று ஒரு குரல் செய்தி வந்தபோது, தோணி விளிம்பில் வெள்ளையாக ஒரு மூக்கு தெரிந்தது.

நிஸ்தார் மூச்சை அடக்கினார். பூனை தரையோடு தரையாக ஒட்டி, ஒரு காலை வைத்து, நின்று, மறுகாலை வைத்தது. இவ்வளவு நாளும் சோபாவில் சாய்ந்து அவரை ஏவல்காரனாகப் பார்த்த பூனை அல்ல இது. மீசையில் சிலந்திவலை, வயிற்றில் சேறு. உடம்பு முழுக்க நடுக்கம். அந்த நடுக்கம் அவருக்கு எங்கேயோ தெரிந்ததாக இருந்தது. எங்கே என்று யோசிக்கப் பிடிக்காமல் வாவியைப் பார்த்தார்.

றோட்டில் வேன் ஹோர்ன் நீளமாக அடித்தது. பெண்களின் குரல்கள், கதவு இழுபடும் சத்தம், “எங்க இவர்? ஊடு திறந்து கிடக்கு” என்று கம்மிய குரலில் ஸகியா. சாட்டின் கல்லாகிவிட்டது. ஒரு கால் அந்தரத்தில்.

அஸீமா எழுந்தாள். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டாள்.

“எங்க போற?” என்றார் நிஸ்தார், உதடு அசையாமல்.

“ராத்தாட்ட.”

“மச்சி.”

“சொல்லுங்க.”

“என்ன சொல்லப் போற?”

“அவ என்ன கேக்கிறாவோ, அதுக்கு மறுமொழி.”

அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனாள். கேற் கிறீச்சிட்டது. இரண்டு பெண்களின் ஸலாம் கேட்டது; முதலில் ஒன்று, கொஞ்சம் பிந்தி மற்றது. அதன்பிறகு தாழ்ந்த பேச்சு. வெள்ளிக்கிழமை என்ற ஒரு சொல் மட்டும் நிஸ்தாரின் காதில் விழுந்தது, அல்லது விழுந்ததாகப் பட்டது. இப்போது பூனையை அமுக்கிப் பிடித்துச் சாரத்தில் சுற்றி, பின்பக்கம் வாவிக்கரையால் ஓடினால் தன் கொல்லைக்குள் குதித்துவிடலாம். கடித்தாலும் கடிக்கட்டும். அவர் கை முழங்காலிலிருந்து ஒரு விரற்கடை எழும்பியது. சாட்டினின் கண்மணி உடனே விரிந்தது. கை பழையபடி முழங்காலில் இறங்கி, உள்ளங்கை மேலே பார்க்க, அப்படியே கிடந்தது.

கேற்றடியில் பேச்சு நின்றுவிட்டது. சாட்டின் அந்தரத்தில் இருந்த காலைச் சாரத்தின் ஓரத்தில் வைத்தது. மற்றக் காலையும் வைத்தது. நகத்தை விரித்து, பழைய துணியை ஒருதரம் பிசைந்தது, பிறகு இன்னொருதரம். வீட்டின் மூலையைச் சுற்றி மணலில் இரண்டு சோடிச் செருப்புச் சத்தம், அவசரமில்லாமல், வந்துகொண்டிருந்தது. பூனையின் காதுகள் இரண்டும் அந்தப் பக்கம் திரும்பின. நிஸ்தார் திரும்பவில்லை.